பல்கலைக்கழக ஆட்சியில் ஆசிரியர் பங்கும் பேராசிரியர் ஊதியமும்: தமிழ்நாடு

தமிழ்நாட்டில் சட்டமன்றச் சட்டப்படி இயங்கும் பல்கலைக்கழகங்களில் எதைப் பாடமாக வைப்பது, தேர்வை எப்படி நடத்துவது, பட்டத்துக்கு என்ன தகுதி என்பவற்றை முடிவு செய்யும் அவைகளில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே ஆசிரியர்களின் சம்பளம் எவ்வளவு என்பதை இந்த அவைகளில் எதுவும் முடிவு செய்வதில்லை. ஊதிய விகிதத்தை வகுப்பது டெல்லி. அதை ஏற்று அரசாணை வெளியிடுவது சென்னைத் தலைமைச் செயலகம். மாதக் கடைசியில் பணத்தைத் தேடிக் கொடுக்க வேண்டியது பல்கலைக்கழகம். தொகையை நிர்ணயிப்பவர், அதற்கு ஒப்புதல் தருபவர், கொடுப்பவர் என்று மூவரும் மூன்று இடங்களில் இருக்கும் இந்த ஏற்பாட்டில், பணம் போதாதபோது பல்கலைக்கழகத்தின் கைக்குள் மிஞ்சும் வழி ஒன்றுதான்: ஓய்வுபெறும் ஆசிரியரின் இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுவது. மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளில் பெருகியுள்ள காலியிடங்களுக்கு யாரோ சில துணைவேந்தர்களின் மெத்தனத்தை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. இந்த ஏற்பாடே அவற்றைப் பெற்றெடுக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பரில் தோன்றியபோது இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட அது, கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. சம்பளம் கொடுக்கச் சொந்தமாக ஆசிரியர்களை வைத்திருக்கவில்லை. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் செனட்டின் அளவைக் குறுக்கி அரசின் பிடியை இறுக்கியது. நீதிக்கட்சி ஆட்சியில் கல்வி அமைச்சராக இருந்த ஏ. பி. பாத்ரோ காலத்தில் வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றைய உருவத்துக்கு அடித்தளம். பேரவையாக செனட், அன்றாட நிர்வாகத்துக்கு சிண்டிகேட், படிப்பு தொடர்பான முடிவுகளுக்குக் கல்விக் குழு என்ற பிரிவினை அதிலிருந்து வருகிறது. பின்னாளில் மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலி, சேலம், வேலூர் என்று பல்கலைக்கழகங்கள் எழுந்தபோதும் இதே அச்சில்தான் சட்டங்கள் வார்க்கப்பட்டன. சட்டம் அவைகளைப் படைத்தாலும் எடை துணைவேந்தர் பக்கமே சாய்ந்திருந்தது. ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னையில் துணைவேந்தராக இருந்ததே இதற்குப் போதிய சான்று.

கல்வி விஷயங்களில் ஆசிரியர்களின் அதிகாரம் வெறும் அலங்காரம் அல்ல. பாடத்திட்டக் குழு ஒரு தாளை நீக்கினால் தன்னாட்சி பெறாத இணைவுக் கல்லூரிகள் அனைத்திலும் அந்தத் தாள் போய்விடும். பணம் என்று வரும்போது நிலை வேறு. சிண்டிகேட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்களோடு உயர்கல்விச் செயலர் உள்ளிட்ட அரசு அதிகாரிகளும் பதவி வழியில் உறுப்பினர்கள். நிதிக் குழுவில் நிதித்துறைக்கு இடம் உண்டு. புதிய நிரந்தரப் பணியிடம் என்றால் அரசின் ஒப்புதல் வேண்டும். ஒரு துறையில் இருவர் ஓய்வுபெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். துறைத்தலைவர் கடிதம் எழுதுவார், சிண்டிகேட் தீர்மானம் போடும், கோப்பு கோட்டைக்குப் போகும், விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். அதற்குள் சிண்டிகேட்டின் பதவிக்காலம் முடிந்திருக்கும். சில நேரம் துறைத்தலைவரும் ஓய்வுபெற்றிருப்பார்.

ஊதியத்தின் கதை டெல்லியில் தொடங்குகிறது. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைப்பது அரசியலமைப்பின்படி ஒன்றிய அரசின் பொறுப்பு. அதற்காக 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது பல்கலைக்கழக மானியக் குழு என்னும் யுஜிசி. சென் குழு, மெஹ்ரோத்ரா குழு, ரஸ்தோகி குழு, சட்டா குழு, சௌகான் குழு என்று அடுத்தடுத்து வந்தவை நாடு முழுவதற்கும் ஒரே ஊதிய விகிதத்தை வகுத்தன. 1986ஆம் ஆண்டு விகிதத்தில் விரிவுரையாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 2,200 ரூபாய், பேராசிரியருடையது 4,500 ரூபாய். 1996இல் அவை 8,000 ரூபாயாகவும் 16,400 ரூபாயாகவும் உயர்ந்தன. 2016 ஜனவரி முதல் கணக்கிடப்படும் ஏழாவது ஊதியக் குழு விகிதத்தில் உதவிப் பேராசிரியர் 57,700, இணைப் பேராசிரியர் 1,31,400, பேராசிரியர் 1,44,200, முதுநிலைப் பேராசிரியர் 1,82,200 ரூபாயில் தொடங்குகிறார்கள். தமிழ்நாடு இதை 2019இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அகவிலைப்படி 55 விழுக்காடாக இருந்த 2025இன் தொடக்கத்தில், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரின் சம்பளச் சீட்டில் வீட்டு வாடகைப்படி சேர்க்காமலே 89,435 ரூபாய் வரும். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே இன்னொரு தொகையோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

விகிதத்தை வகுக்கும் டெல்லி, செலவில் முழுப் பங்கு ஏற்பதில்லை. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கூடுதல் செலவின் 80 விழுக்காட்டை 2010 மார்ச் வரை தருவதாக ஒன்றிய அரசு ஏற்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 50 விழுக்காடாகக் குறைந்து, 2019 மார்ச்சோடு நின்றது. அதன் பிறகான சுமை மாநிலத்துடையது. மாநிலமோ பல்கலைக்கழகங்களுக்குச் சம்பளத்தை அப்படியே கருவூலத்திலிருந்து கொடுப்பதில்லை. தொகுப்பு நிதியாக ஒரு தொகையைக் கொடுக்கிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கை ஆட்சேபணை எழுப்பிய இனங்களைக் காட்டி அந்தத் தொகையும் குறைக்கப்படும். இதில் ஒரு விந்தை உண்டு. அரசு உதவிபெறும் தனியார் கல்லூரி ஆசிரியருக்குச் சம்பளம் நேராகக் கருவூலத்திலிருந்து வருகிறது. அந்தக் கல்லூரிக்கு இணைவு வழங்கும் அரசுப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர், பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்கில் இருப்பு உண்டா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தொகுப்பு நிதி போக மீதியைப் பல்கலைக்கழகம் தேர்வுக் கட்டணம், இணைவுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி வருமானம் ஆகியவற்றால் ஈடுகட்டி வந்தது. இந்த மூன்று ஊற்றுகளும் வற்றிவருகின்றன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது சென்னையின் இணைவுக் கல்லூரிகளில் ஒரு பகுதி அங்கே போயின. அவற்றின் கட்டணங்களும் கூடவே போயின. ஓய்வூதியர்களோ தாய்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே இருந்தார்கள். தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்திக்கொள்கின்றன. நிலைமை எந்த அளவுக்குப் போனது என்பதை 2024 பிப்ரவரி காட்டியது. வருமான வரித்துறை 400 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு நிதியாக இருந்தால்தான் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்துக்கான வரிவிலக்கு கிடைக்கும். மாநில அரசின் நிதி அந்த அளவை எட்டவில்லை என்பதே வழக்கின் சாரம். சட்டமன்றச் சட்டத்தால் பிறந்து, ஆளுநரை வேந்தராகக் கொண்ட நிறுவனம், போதுமான அளவு அரசு நிறுவனமாக இல்லை என்று சொல்லப்பட்டது! மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் நின்றதால் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் போராட்டத்தில் இறங்கியதும் இதே காலத்தில்தான்.

இனி அந்த இன்னொரு தொகை. தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு 2023இல் உயர்த்தப்பட்ட பிறகும் மாத மதிப்பூதியம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். 2019இல் யுஜிசி வகுத்த வழிகாட்டுதல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிக அளவாக 50,000 ரூபாய் என்கிறது. நிரந்தரப் பணியிடத்தின் ஊதியத்துக்கு டெல்லி விகிதம் கட்டாயமாகப் பின்பற்றப்படுகிறது; கௌரவ விரிவுரையாளர் விஷயத்தில் டெல்லியின் அளவு காகிதத்தோடு நிற்கிறது. பல்கலைக்கழகத் துறைகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. ஒரு நிரந்தர உதவிப் பேராசிரியரின் சம்பளத்தில் மூன்று தற்காலிக ஆசிரியர்களை வைத்துக்கொள்ளலாம், ஓய்வூதியச் சுமையும் இல்லை. நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தைத் தொட சிண்டிகேட்டுக்கு அதிகாரம் இல்லாததால், ஆள் எண்ணிக்கையில் கைவைக்கிறது.

காலியிடம் பாடம் நடத்துவதை மட்டும் பாதிப்பதில்லை, ஆட்சியையும் அரிக்கிறது. செனட்டிலும் கல்விக் குழுவிலும் ஆசிரியர் தொகுதிகளுக்கு வாக்களிப்பவரும் நிற்பவரும் நிரந்தர ஆசிரியர்களே. பேராசிரியர் இல்லாத துறை, பதவி வழியில் தனக்குரிய நாற்காலியை இழக்கிறது அல்லது இணைப் பேராசிரியரைப் பொறுப்பில் வைத்து ஒப்பேற்றுகிறது. வகுப்பறைச் சுமையைத் தாங்கும் கௌரவ விரிவுரையாளர், தான் நடத்தும் பாடத்தைத் திருத்தும் குழுவில் வாய்திறக்க முடியாது. அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பது துறைத்தலைவரின் கையில் இருக்கும்போது, இடம் கொடுத்தாலும் அவர் எதிர்த்துப் பேசுவாரா என்பது சந்தேகமே. ஆசிரியர் அவைகள் வலுவிழந்ததால் ஊதியச் சிக்கல் வந்தது என்று பலர் சொல்வார்கள். ஊதியச் சிக்கலும் திரும்பி வந்து அந்த அவைகளை மேலும் வலுவிழக்கச் செய்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உச்சியிலும் இதே வெற்றிடம்தான். சென்னையில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் உயர்கல்விச் செயலர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்களைச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆளுநரா அமைச்சரவையா என்ற இந்த வழக்கில் ஆசிரியர் அவைகள் வெறும் பார்வையாளர்கள்.

ஆசிரியர் அவைகளுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்றால் மூன்று மறுப்புகள் சொல்லப்படுவதுண்டு. நாடு முழுவதும் ஒரே விகிதம் இருப்பதுதான் ஆசிரியரைக் காக்கிறது என்பது முதலாவது. இது உண்மை. சேலத்துப் பேராசிரியரும் டெல்லிப் பேராசிரியரும் ஒரே அடிப்படைச் சம்பளம் வாங்குவது சிறிய சாதனை அல்ல. 1987இல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் வரை போய் ஆசிரியர் சங்கங்கள் போராடியதும் இதற்காகத்தான். விகிதத்தை உள்ளூர் அவைகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதல்ல இங்கே வாதம். விகிதம் எங்கே வகுக்கப்படுகிறதோ அங்கிருந்தே அதற்கான பணமும் வர வேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கல்விக் காரணம் காட்டிச் சொல்லும் உரிமை ஆசிரியர் அவைக்கு வேண்டும் என்பதே வாதம்.

இரண்டாவது மறுப்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைக் காட்டும். வரம்பில்லாமல் ஆள் எடுத்து, சம்பளம் கொடுக்க முடியாமல், 2013இல் மாநில அரசு சட்டம் இயற்றி ஏற்க வேண்டிய நிலைக்கு அது வந்தது. மிகைப் பணியாளர்களை அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றி அனுப்பினார்கள். ஆள் எடுக்கும் உரிமையைப் பல்கலைக்கழகத்திடம் விட்டால் இதுதான் நடக்கும் என்பார்கள். ஆனால் அங்கே ஆண்டது ஆசிரியர் அவை அல்ல. நிறுவனர் குடும்பத்தின் வழிவழி உரிமையாக இணைவேந்தர் பதவி இருந்தது. நிர்வாகத்தின் பிடி அங்கிருந்து வந்தது. அண்ணாமலை நிரூபிப்பது கேள்வி கேட்கும் அவை இல்லாமையின் விளைவை.

மூன்றாவது, ஆசிரியர்கள் தங்களுக்குத் தாங்களே சலுகை வழங்கிக்கொள்வார்கள் என்ற அச்சம். இது புறந்தள்ளத் தக்கதல்ல. துணைவேந்தர் பதவி முதல் உதவிப் பேராசிரியர் இடம் வரை பணம் கைமாறிய புகார்களைத் தமிழ்நாடு நிறையவே கேட்டிருக்கிறது. ஆனால் அதைத் தடுக்கும் முறைகளும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1920 முதல் ஆசிரியர் அவைக்கு நியமனம், பதவி உயர்வு, வரவுசெலவு ஆகியவற்றில் முறைப்படியான ஆலோசனை உரிமை உண்டு. ஊதியப் படிநிலையில் ஏறும் ஒவ்வொரு பேராசிரியரின் பணியையும் பிற துறையினரும் அமர்ந்துள்ள ஆசிரியர் குழு மதிப்பிடுகிறது, பொதுப் பணம் என்பதால் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதும் வெளியே தெரியும். சக ஆசிரியரின் கண்ணும் பொதுமக்களின் கண்ணும் ஒரே நேரத்தில் இருக்கும்போது சலுகை எளிதில் ஒளிய முடியாது. இங்கே பதவி மேம்பாட்டுக்கு யுஜிசி 2010இல் கொண்டுவந்த மதிப்பெண் அட்டவணை அந்த மதிப்பீட்டைக் கூட்டல் கணக்காக்கியது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று புள்ளி சேர்க்கும் முறை, காசு வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிடும் இதழ்களை வளர்த்ததுதான் மிச்சம்.

தற்காலிக ஆசிரியர் எண்ணிக்கைக்கு விதியில் ஒரு வேலி இருந்தது. யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிகள் ஒப்பந்த ஆசிரியர் மொத்த ஆசிரியரில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அவர்களின் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்றன. 2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிகளில் அந்த 10 விழுக்காட்டு வரம்பு இல்லை. துணைவேந்தர் தேர்வில் வேந்தரின் அதிகாரத்தைக் கூட்டிய பிரிவுகளை எதிர்த்து, வரைவைத் திரும்பப் பெறக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் சில நாட்களிலேயே தீர்மானம் நிறைவேற்றியது. வரம்பு நீங்கியதைப் பற்றி எழுந்த குரல் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.