ஹஸ்கியும் கன்னியும்: குணம் குறித்த ஒரு சொல்லாடல்

மதுரை கே.கே.நகரில் தோழர் ஒருவர் வீட்டு மாடியில் ஒரு சைபீரியன் ஹஸ்கி வளர்கிறது. பழைய சிற்றிதழ்த் தொகுப்பு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போன வருஷம் சித்திரை மாதத்தில் அங்கே போயிருந்தேன். அழகர் ஆற்றில் இறங்கி நாலு நாள் ஆகியிருந்தது. மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் கழுத்துவரை உட்கார்ந்துகொண்டு அந்த நாய் நீலக் கண்ணால் என்னைப் பார்த்தது. தோழர் குறைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார். கூப்பிட்டா வராது. கேட்டைத் திறந்தா ஓடிரும், போன மாசம் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் போய்ப் பிடிச்சிட்டு வந்தோம். பக்கத்து வீட்டுக் கோழி ரெண்டு போச்சு. திருடன் வந்தாலும் வாலாட்டும். ராத்திரியில ஊளை விடுது, வீட்டுக்கு ஆகாதுன்னு அம்மா தினம் சண்டை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அதோட ரத்தமே அப்படி தோழர்" என்றார்.

இருபது வருஷம் தொழிற்சங்கத்தில் இருந்தவர். சாதி மறுப்புத் திருமணம் செய்தவர். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது ரத்தம் என்ற சொல்லை நாக்கில் வைக்க மாட்டார். நாய் என்று வந்ததும் அது எவ்வளவு இயல்பாக வந்து விழுகிறது! இந்த இயல்புக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

தோழர் சொன்ன குறைகளை அப்படியே எடுத்துக்கொண்டு வடகிழக்கு சைபீரியாவுக்குப் போவோம். அங்கே சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வழிவந்தது இந்த இனம். குறைந்த பாரம், நெடுந்தூரம், கொஞ்சமான தீனி: இதுதான் அந்த வேலையின் கணக்கு. ஓடுவதுதான் அதன் பிழைப்பு என்றிருக்க, கேட்டைத் திறந்தால் ஓடாமல் என்ன செய்யும்? வண்டிக்கு முன்னால் ஓடும் நாய், போகச் சொன்னாலும் உடையக்கூடிய பனித்தளத்தின்மேல் போகாது. அங்கே அது வண்டிக்காரனின் உயிரைக் காப்பாற்றுகிற அறிவு, கே.கே.நகரில் அதற்குப் பெயர் 'சொன்ன பேச்சு கேக்காது'. கோடையில் கட்டவிழ்த்து விடப்பட்டுத் தானே வேட்டையாடித் தின்றது என்கிறார்கள். கோழி போனதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. குடும்பத்தோடும் குழந்தைகளோடும் நெருங்கி வாழ்ந்த நாய்க்குக் குரைத்து விரட்டுவது தொழில் அல்ல. குணம் என்று நாம் சொல்வது பெருமளவு தலைமுறை தலைமுறையாக உறைந்துபோன உழைப்பு. பாரம்பரியமே இல்லை என்று நான் வாதிடவில்லை. எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது, எதை எதோடு சேர்ப்பது என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்ததால்தான் அது உடம்பில் இறங்கியது. ஆனால் அந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு வேலையும் ஒரு நிலமும் இருந்தன. அவை இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தை 'ரத்தம்' என்கிறோம்.

1908 வாக்கில் இந்த நாய்கள் அலாஸ்காவின் நோம் நகருக்குப் பந்தயத்துக்காகக் கொண்டுவரப்பட்டன. 1925 குளிர்காலத்தில் அதே நோமில் தொண்டை அடைப்பான் பரவியபோது, மாற்று மாற்றாக நாய் வண்டிகளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மருந்து கொண்டு சேர்த்த கதை உலகப் பிரசித்தம். அந்த வருஷமே நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோ என்ற நாய்க்குச் சிலை வைத்தார்கள். மிக நீண்ட, மிக ஆபத்தான தூரத்தைக் கடந்தது செப்பாலாவின் வண்டியும் அவருடைய டோகோ என்ற நாயும் என்பது பின்னால் பேசப்பட்டது. 1930ல் அமெரிக்க கென்னல் கிளப் இனத்தை அங்கீகரித்தது. இந்தக் கதையாடலில் சுக்சிகள் முதல் பாராவிலேயே காணாமல் போய்விடுகிறார்கள்.

பெயரைப் பாருங்கள். 'ஹஸ்கி' என்பது நாய்க்கு வைத்த பெயரே அல்ல. 'எஸ்கிமோ' என்ற சொல்லை ஆங்கிலேய மாலுமிகளும் வியாபாரிகளும் சிதைத்து, வடதுருவ மக்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. பிறகு அவர்களுடைய நாய்களுக்கு ஆகி வந்தது. கடைசியில் மனிதர்கள் உதிர்ந்து நாய் மட்டும் நின்றது.

இதற்கு நேர் இணை நம்மிடமிருந்து போனது. தெருநாயை ஆங்கிலத்தில் 'பரையா டாக்' என்பார்கள். நாயியல் நூல்களில் இன்றைக்கும் உலகம் முழுக்க ஒரு வகை நாய்களுக்கே அது கலைச்சொல். அந்தச் சொல் பறையர் என்ற தமிழ்ச் சாதிப் பெயரிலிருந்து போனது. ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மக்களின் பெயரை, வீட்டுக்கு வெளியே திரியும் நாய்க்குச் சூட்டினார்கள். சூட்டியவன் வெள்ளைக்காரன். ஆனால் யார் ஊருக்கு வெளியே என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்த விரல் நம்முடையது. எம்.ஏ. தமிழில் எனக்குச் சொற்பிறப்பியல் தனித் தாளாகவே இருந்தது. கப்பல் ஏறிய தமிழ்ச் சொற்கள் என்று அரிசி, இஞ்சி, கட்டுமரம் எல்லாம் பெருமையோடு சொல்லித் தந்தார்கள். இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இன்னும் ஒரு பொருத்தம். 1873ல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்படுகிறது: வம்சாவளிப் பதிவேடு, இன இலக்கணம், இன்ன இனத்துக்கு இன்ன குணம் என்கிற அட்டவணை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1871ல், இந்தியாவில் குற்றப் பழங்குடிகள் சட்டம் வருகிறது: பதிவேடு, பிறவிக் குணம், பரம்பரைத் தொழில். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் சொல்லவில்லை. நாயையும் மனிதரையும் ஒரே தட்டில் வைப்பதும் என் நோக்கமல்ல. வைத்தது அந்த மொழி. குணத்தை உடம்புக்குள் தேடி, அளந்து, ஏட்டில் ஏற்றிவிட முடியும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தின் காற்றிலேயே இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளின் மூக்கையும் மண்டையையும் அளந்து 1909ல் ஏழு தொகுதிகள் போட்டார். 1911ன் திருத்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914ல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குடியில் பிரமலைக் கள்ளர்கள் மேல் அது பாய்ந்தது. நம்ம பக்கத்துச் சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. காவல் என்பது அந்த மக்களுக்கு உரிமையாகவும் கூலியாகவும் இருந்த ஒரு ஊர் ஏற்பாடு. அதைப் பறித்த அரசு, பறித்ததால் வந்த விளைவுகளைப் பிறவிக் குணம் என்று எழுதி வைத்தது. 1947ல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. அந்த மொழி நீங்கிவிட்டதா என்பதைக் காவல் நிலையங்களுக்குப் போய்வந்தவர்கள் அறிவார்கள்.

நம் சமவெளியின் நாய்களுக்கு வருவோம். அம்மாச்சி ஊர் சாத்தூருக்குத் தெற்கே கரிசலில். மாமா ஒரு கன்னி நாய் வைத்திருந்தார். கறுப்பு உடம்பு, காலிலும் நெஞ்சிலும் செம்பழுப்பு, ஒட்டிய வயிறு. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து விரட்டுகிற இனங்கள். மோப்பம் அவற்றுக்கு இரண்டாம்பட்சம். வெள்ளாமை எடுத்த பிறகு அடிவானம் வரைக்கும் மறைப்பு இல்லாமல் கிடக்கும் கரிசல்காடுதான் அவற்றை உருவாக்கியது எனலாம். முயல் கிளம்பிவிட்டால் மாமா தொண்டை கிழியக் கத்தினாலும் அது திரும்பாது. "முயலக் கண்டுட்டா அதுக்குக் காது அடச்சுக்கும்டா மாப்ள" என்பார். குறையாகச் சொன்னதில்லை. தோழர் ஹஸ்கியைப் பற்றி அழுததும் இதேதான். ஒன்று வேலையோடு இருந்தது, மற்றது வேலை இழந்து மாடியில் நிற்கிறது.

கன்னிக்கும் பிறகு வேலை போயிற்று. 1972ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் முயல் வேட்டையைக் குற்றமாக்கின. மாசிச் சிவராத்திரியை ஒட்டிய பாரிவேட்டைகள் சடங்காகச் சுருங்கின. தரிசெல்லாம் சீமைக் கருவேலம் அடைத்துவிட்ட பிறகு பார்வையால் விரட்டும் நாய்க்குப் பார்வைதான் எங்கே? சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, முயலுக்கும் பிழைக்க வேண்டுமல்லவா. மாமாவின் கடைசி நாய் கட்டிக்கிடந்தே செத்தது. கட்டிப்போட்ட பிறகுதான் அது கடிக்கவே ஆரம்பித்தது. பொல்லாத குணம் என்று ஊர் பேசிற்று.

ராஜபாளையம் வேறொரு பாடம். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, அழகுதான். வேறு நிறத்தில் விழுந்த குட்டிகளை ஒதுக்கி ஒதுக்கி வெள்ளையை நிலைநிறுத்தினார்கள். அந்த வெள்ளையோடு கூடவே செவிட்டுத் தன்மையும் வந்து சேர்ந்தது. காவல் நாய்க்குக் காது கேட்காது! 2005 ஜனவரியில் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் புகழ்ந்தார். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்திலிருந்தே நாட்டுமாட்டுக்குப் பின்னால் நாட்டுநாயும் அடையாள அரசியலுக்குள் நடந்து வந்துவிட்டது. பாளையக்காரர்களின் படையில் பாய்ந்த வீரநாய் என்கிற கதையும் கூடவே வருகிறது. கென்னல் கிளப்பின் மொழியைத்தான் நாம் மண் பூசித் திரும்பப் பேசுகிறோம் என்று எனக்குப் படுகிறது. 'கலப்பில்லாத ஒரிஜினல்' என்று விளம்பரம் எழுதுகிறவருக்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன?

வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. தென்மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்துவருவதைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. காரணம் வெளிப்படை: சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடக் கூடாது. அகமண விதி நாய்க்கும் நீள்கிறது. இதற்கு எந்த வெள்ளைக்காரனும் இலக்கணப் புத்தகம் எழுதித் தரவில்லை. நாட்டுநாய் மீட்பு பற்றிப் பேசும் மேடைகளில் இதை ஒருமுறையாவது யாராவது சொல்லிக் கேட்க வேண்டுமென்று எனக்கு ஆசை.

2024ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்களை இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்டு, அவற்றின் இனப்பெருக்கத்தைத் தடை செய்ய வேண்டியவையாக வைத்தது. உறைபனிக்கான இரட்டை மயிரடுக்கை மதுரை வெயிலில் சுமக்கவிடுவது கொடுமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு நாய் பொறுப்பல்ல, அதைக் குளிர்சாதன அறைக்கான அலங்காரமாக விற்ற சந்தைதான் பொறுப்பு. பட்டியலுக்குப் பிறகும் மாடிகளில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவற்றை என்ன செய்வது? தோழர் இப்போது காலை நாலரைக்கே எழுந்து, வெயில் ஏறுமுன் ரிங் ரோடுவரைக்கும் சைக்கிளோடு கட்டி ஓட்டிவிட்டு வருகிறார். பாதி ஊளை குறைந்துவிட்டதாம். 'ரத்தம்' பற்றி அவரிடம் நான் திரும்பக் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி அங்கேயே தங்கினேன். பதினொரு மணிக்கு மின்சாரம் போயிற்று. மாடியில் அது தலையைத் தூக்கி ஊளையிட்டது. டீக்கடை முக்கிலிருந்து ஒரு தெருநாய் பதில் கொடுத்தது, பிறகு கண்மாய்க் கரையிலிருந்து இரண்டு மூன்று. தோழரின் அம்மா இருட்டில் விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு படியேறினார்.