வீட்டிலிருந்தே கோலசிலாங்கூர்: மலை உடனே தெரியும், தோட்டத்தைத் தேட வேண்டும்

கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூருக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர். காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால், முட்டி வலியால் அடுக்குமாடி வீட்டுப் படி இறங்க முடியாத பாட்டிக்கும், ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பேரனுக்கும் அது வெகுதூரம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி எல்லாரும் வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது, வெளிநாட்டு அருங்காட்சியகங்களைத் திறன்பேசியிலேயே சுற்றிப் பார்த்தவர்கள் உண்டு. அதே வழியில் கோலசிலாங்கூரையும் அதைச் சுற்றியுள்ள வட சிலாங்கூர் தோட்டங்களையும் பார்க்கலாம். இணையத் தரவைத் தவிர வேறு செலவில்லை.

பட்டணத்தைப் பார்ப்பது சுலபம். தோட்டத்தைப் பார்க்கத்தான் வழி தெரிய வேண்டும்.

மெலாவத்தி மலையில் தொடங்கலாம்

மலேசியச் சாலைகளைக் கூகல் நிறுவனம் 2014-இல் 'ஸ்ட்ரீட் வியூ' படங்களாக வெளியிட்டது. கணினியில் கூகல் மேப்பைத் திறந்து புக்கிட் மெலாவத்தி என்று தேடுங்கள். வலது பக்கக் கீழ்மூலையில் ஒரு மஞ்சள் பொம்மை நிற்கும். அதை எலியால் பிடித்துத் தூக்கினால் சாலைகள் மீது நீலக் கோடுகள் தோன்றும். நீலக் கோடு உள்ள இடமெல்லாம் கூகல் கார் போன இடம். பொம்மையை அங்கே விட்டால் நீங்கள் அந்தச் சாலையில் நிற்பீர்கள். நீலப் புள்ளிகள் என்றால் பொதுமக்கள் எடுத்துப் போட்ட சுற்றுப் படங்கள். திறன்பேசியில் பொம்மை இருக்காது. 'லேயர்ஸ்' பொத்தானை அழுத்தி 'ஸ்ட்ரீட் வியூ'வைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மலைமேல் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதற்கு அல்டிங்ஸ்பர்க் என்று பெயர். டச்சுக்காரர்கள் 1784-இல் இந்த மலைக்கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் அல்டிங்கின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் கோட்டையை மீட்டுவிட்டார். ஆனாலும் பெயர் மட்டும் விளக்கத்தில் ஒட்டிக்கொண்டது. சிலாங்கூர் உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1871 ஜூலையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ இந்த ஊர் மீது பீரங்கி சுட்டது. மலையில் உள்ள பழைய பீரங்கிகளையும், சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத் தலத்தையும் வரைபடத்தில் தேடிப் பார்க்கலாம். பார்வையாளர்கள் போட்ட படங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதி குரங்குப் படங்கள்தான். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

மலையடிவாரத்தில் உள்ள இயற்கைப் பூங்கா, ஆற்றுக்கு அப்பால் பாசிர் பெனாம்பாங் மீன் உணவுக் கடைகள், வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்கள் எல்லாம் திரையில் நன்றாகவே தெரிகின்றன.

கம்போங் குவாந்தான் மின்மினிகள் மட்டும் ஏமாற்றிவிடும். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் கூட்டமாக அமர்ந்து, ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைவது அவற்றின் சிறப்பு. கூகல் கார் பகலில் போகிறது. அதனால் திரையில் தெரிவது படகுத்துறையும் பழுப்பு நிற ஆறும்தான். படகில் போகிறவர்கள் கைப்பேசி விளக்கைப் போடக்கூடாது என்பதால் நல்ல படங்களும் அபூர்வம். இந்த ஒன்றுக்கு நேரில்தான் போக வேண்டும்.

கார் போகாத பாதை

இனி தோட்டம். கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் பொம்மையை நகர்த்திப் பாருங்கள். பெஸ்தாரி ஜெயாவைப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். பெரிய சாலையில் நீலக் கோடு நீண்டு போகும். தோட்டத்துச் செம்மண் பாதை பிரியும் இடத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். தோட்டம் தனியார் நிலம். தடுப்புக் கட்டையும் காவலாளியும் இருக்கிற இடத்துக்குள் கூகல் கார் நுழைவதில்லை.

ஆக, ஊரில் உள்ள ஒவ்வொரு கைப்பேசிக் கடையும் திரையில் தெரிகிறது. நூறு ஆண்டுகளாக நம்மவர்கள் பிறந்து வளர்ந்து மணம் முடித்த லயங்கள் தெரிவதில்லை. இதில் யார் மீதும் குற்றமில்லை. ஆனால், லயங்கள் இடிக்கப்பட்டு வரும் காலத்தில் இது சின்ன விஷயமும் இல்லை.

தோட்டத்தின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க நல்ல வழி தமிழ்ப்பள்ளி. தென்னமரம் தோட்டம், கோல்பீல்ட்ஸ் தோட்டம், ரிவர்சைட் தோட்டம், ராஜா மூசா தோட்டம் என்று கோலசிலாங்கூர் மாவட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. வரைபடத்தில் தோட்டத்தின் பெயர் இல்லாவிட்டாலும் பள்ளியின் பெயர் இருக்கும். மலாய் மொழியில் 'லாடாங்' என்று சேர்த்துத் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை. நாடு முழுவதும் தோட்டப் பள்ளிகள் சில, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பல மைல் தள்ளி வேறு இடத்துக்கு மாறியிருக்கின்றன. பள்ளி நிற்கும் இடம்தான் பழைய தோட்டம் என்று முடிவு செய்வதற்கு முன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

மேலிருந்து பார்த்தால்

இடம் கிடைத்தவுடன் துணைக்கோள் படத்துக்கு மாறுங்கள். தோட்டத்தை மேலிருந்து அடையாளம் காண்பது ஒரு பழக்கம். நாலைந்து முறை பார்த்தால் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

செம்பனை நட்டிருந்தால் மரங்கள் ஒவ்வொன்றும் நட்சத்திரம் போல் தனித்தனியாகத் தெரியும். ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில், முக்கோண வரிசையில் நடுவார்கள். குன்றுகளில் படிப்படியாக வெட்டிய வரிசைகள் கைரேகை போல் வளைந்து கிடக்கும். ரப்பர் அப்படியில்லை. இலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே போர்வையாகத் தெரியும். பழுப்பாக வெறுமையாய்க் கிடக்கும் சதுரங்கள், வயதான மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த இடங்கள். பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒழுங்கில்லாத வடிவத்தில் குளங்கள் தெரிந்தால், அவை பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள்.

இந்தப் பச்சைக்கு நடுவே ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக நாலைந்து கூரைகள் வரிசையாக இருந்தால் அது லயம். பக்கத்தில் புல்தரை இருந்தால் பந்து விளையாடிய திடல். ஒரு ஓரத்தில், பெரிய மரத்தடியில், சின்னதாக வண்ணக் கூரை தெரிந்தால் பெரும்பாலும் மாரியம்மன் கோயில். சற்றுத் தள்ளி மேட்டில், தனியாக, சுற்றி மரங்களும் வளைந்த பாதையும் கொண்ட ஒற்றை வீடு இருக்கும். துரை பங்களா என்று சொல்லத் தேவையில்லை. கிராணி வீடு இரண்டுக்கும் நடுவில் இருக்கும். யார் எங்கே நிற்கலாம் என்று அந்தக் காலத்தில் போட்ட கணக்கு வானத்திலிருந்து பார்த்தாலும் அழியாமல் தெரிகிறது.

இன்று கூரைகள் இல்லையென்றால் கைவிட வேண்டாம். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் 'கூகல் எர்த் புரோ'வில் கடிகாரம் போன்ற ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அதே இடத்தின் பழைய துணைக்கோள் படங்கள் ஆண்டு வாரியாக வரும். தெளிவான படங்கள் பொதுவாக 2000-க்குப் பிறகுதான். அதற்கு முந்தியதைப் பார்க்க, அதே நிறுவனத்தின் 'டைம்லேப்ஸ்' பக்கம் 1984 முதல் காட்டும். ஆனால் அதில் வீடு தெரியாது, நிலத்தின் நிறம் மாறுவது மட்டும் தெரியும். புஞ்சாக் ஆலாம் பக்கத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள். பச்சை குறைந்து கூரைகள் பரவுவது ஒரு நிமிடத்தில் ஓடி முடியும். ஈஜோக் பக்கம் 2011-இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலை செம்பனைக்கு நடுவே கோடு கிழிப்பதையும், அதற்கு முந்திய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

லயத்தை இடிப்பதற்கு முன் எடுத்த துணைக்கோள் படம் கிடைத்தால் அதைத் திரைப்படமாகச் சேமித்து, தேதியையும் எழுதி வையுங்கள்.

தென்னமரம்

இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு தோட்டத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தைப் பாருங்கள். பெயரே நம்முடைய தென்னைமரம்தான். மலேசியாவில் வாணிப நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நட்டது இங்கே, 1917-இல். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயா வந்து, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர் தோட்டம் போட்டவர். பின்னாளில் அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது.

நாட்டின் பெரும் ஏற்றுமதிப் பயிர் ஒன்று தொடங்கிய இடம் இது. கோலசிலாங்கூர் சுற்றுலா என்றால் மலை, மின்மினி, கண்ணாடிக் கடல் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். தென்னமரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து. கலங்கரை விளக்கத்துக்கு இருக்கும் வரலாற்றுத் தகுதி இதற்கும் உண்டு.

பழைய பத்திரிகையில் தோட்டம்

படத்துக்கு அடுத்தது எழுத்து. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' என்ற தளத்தில் மலாயா காலத்து நாளிதழ்கள் மின்மயமாக்கப்பட்டுள்ளன. பழைய இதழ்கள் பலவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். சிலவற்றை நூலகத்தில் மட்டுமே திறக்க முடியும். 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அதில் இருக்கிறது. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் இருக்கிறது.

தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தென்னமரத்தை ஆங்கிலத்தில் 'டி' எழுத்தில் தொடங்கி, நடுவில் 'என்' இரண்டு போட்டு எழுதுவார்கள். பெஸ்தாரி ஜெயா என்று தேடினால் பழைய செய்தி வராது. பத்தாங் பெர்ஜுந்தை என்றே தேட வேண்டும். வருபவை பெரும்பாலும் கம்பெனி ஆண்டுக்கூட்டக் கணக்குகளாக இருக்கும். எத்தனை ஏக்கர், எத்தனை இராத்தல் ரப்பர், பங்குக்கு எவ்வளவு லாபம் என்று லண்டன் பங்குதாரருக்குச் சொன்ன விவரம். பால் வெட்டியவர் பெயர் அதில் வராது. விதிவிலக்காக, 1941 மார்ச் முதல் மே வரையிலான இதழ்களைப் புரட்டுங்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவிய காலம் அது. ஆர். எச். நாதன் கைதானது அந்த மே மாதத்தில்தான். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது தொழிலாளர் கோரிக்கைகளில் ஒன்று.

நீங்கள் சேர்க்க வேண்டியவை

தோட்டத்துக்குள் கூகல் கார் போகாவிட்டாலும் அங்கே வசிப்பவர் படம் போடலாம். கூகல் மேப்பில் விடுபட்ட கோயிலையோ திடலையோ சேர்க்க 'இடத்தைச் சேர்' என்ற வசதி இருக்கிறது. பெயரைத் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். யாருக்கும் சொந்தமில்லாத பொது வரைபடம் வேண்டுமென்றால் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' உண்டு. அதில் லயத்தை நீங்களே வரைந்து, லயத்து எண்ணையும் குறிக்கலாம். சற்றுப் பழக வேண்டும். இளையோர் ஒரு மாலையில் கற்றுக்கொள்வார்கள்.

நைஜல் கார்டனர், மேரி, சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீடு கேட்டு எத்தனை காலம் போராடினார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடங்களில் குடும்பங்கள் புது வீட்டுக்குப் போவதற்கு முன் பழைய லயம், ஆயாக்கொட்டகை, பெரட்டுக் களம், கோயில் எல்லாவற்றையும் படமெடுத்துவிட வேண்டும். போன பிறகு எடுக்க எதுவும் இருக்காது.

அடுத்தவர் வீட்டைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். நிர்வாகத்தின் அனுமதி வேண்டிய இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, நிலப் பத்திரம், சம்பளச் சீட்டு போன்றவற்றின் படத்தைப் பொதுவில் போடவே கூடாது. பழைய குடும்பப் படம் என்றாலும், அதில் இருப்பவர் உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

பெரியவர்களுக்குக் காட்டுவதாக இருந்தால் திறன்பேசியில் வேண்டாம். தொலைக்காட்சியோடு இணைத்துப் பெரிதாகக் காட்டுங்கள். முதலில் பெரிய சாலை, பிறகு பள்ளி, அதன் பிறகு லயம் என்று மெதுவாகப் போங்கள். சட்டென்று வானத்திலிருந்து காட்டினால் அவர்களுக்குத் திசை பிடிபடாது. அவர்கள் நடந்து போன வழியிலேயே கூட்டிச் செல்ல வேண்டும். பக்கத்தில் இன்னொரு கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓட விடுங்கள். "இங்கதான் பால் நிறுப்பாங்க, அந்த மூலையில கள்ளுக்கடை" என்று அவர்கள் சொல்லும் விவரம் எந்த வரைபடத்திலும் இல்லை.

வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால், முன்பு 'பெடி' என்று அழைக்கப்பட்ட 'நாடி' மையங்கள் பக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். அங்கே கணினியும் இணையமும் கிடைக்கும். ஸ்ட்ரீட் வியூ, காணொலியை விடக் குறைந்த தரவில் ஓடும். கூகல் எர்த் புரோவுக்கு மட்டும் கணினி கட்டாயம்.