தியான இல்லங்களைத் தாங்கிய கைகள்

திருக்கோஷ்டியூர் என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவது சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலும், அதன் மேலேறி நின்று இராமாநுசர் திருமந்திரத்தை உரக்கக் கூறிய வரலாறுமேயாகும். பதினெட்டு முறை நடந்து வந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பெற்ற மறைபொருளை, கேட்க விரும்பிய அனைவருக்கும் அவர் வழங்கிவிட்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். இக்கதையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். சொல்லும் போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. மேலே நின்று பேசியவரின் பெயர் நிலைத்தது. கீழே கல் சுமந்தவரும் சுண்ணாம்பு குழைத்தவரும் யாவர்? அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் வழிவந்தோர் கோயில்களுக்குள் காலடி வைக்கவே சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

இம்மலருக்காகத் திருச்சபைகள் நடத்தும் தியான இல்லங்களைப் பற்றி நாம் எழுத முற்பட்டதற்குக் காரணம், சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொதுக்குழுவில் நிகழ்ந்த ஒரு விவாதம். இம்மாவட்டத்துத் தியான இல்லம் ஒன்றிலிருந்து, கூரையைப் புதுப்பிக்க நன்கொடை வேண்டிக் கடிதம் வந்திருந்தது. நம் சங்கத்தில் இந்துக்களும் உளர், கிறித்தவரும் உளர். கடிதம் படிக்கப்பட்டதும் இளைஞர் ஒருவர் எழுந்து, "அவர்கள் வீட்டைப் பழுதுபார்க்க நம் பிள்ளைகளின் படிப்புப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். கைதட்டலும் எழுந்தது. அப்போது பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "அது அவர்கள் வீடு என்று யார் சொன்னது தம்பி? அந்தச் சுவருக்குப் பதினோரு வருசம் வெள்ளையடித்தவன் நான்" என்றார். அவையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

இருவர் கேட்டதும் நியாயமே. விடை காண, இத்தகைய இல்லங்கள் நம் நாட்டில் எவ்வாறு எழுந்தன, எவர் செலவில் நின்றன என்பதைச் சிறிது பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

திருப்பத்தூர் என்ற பெயரில் தமிழகத்தில் இரண்டு ஊர்கள் உள்ளன. நமக்கு அருகிலுள்ள திருப்பத்தூர் ஒன்று. மற்றொன்று ஜோலார்ப்பேட்டைக்கு அடுத்தது. முன்னாளில் வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்து, 2019 முதல் தனி மாவட்டத் தலைநகராக விளங்குவது. அந்த வடக்குத் திருப்பத்தூரில் 1921-ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. சீர்திருத்தத் திருச்சபையினர் இந்நாட்டில் அமைத்த ஆசிரமங்களுள் இதுவே முதலாவது என்பர். அமைத்தவர் இருவரும் மருத்துவர்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன் என்னும் தமிழர். மற்றவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை நடத்திய பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். சீமையில் நட்புக்கொண்ட இவ்விருவரும் மிஷன் ஒன்றின் கீழ்ப் புனே நகரில் பணி தொடங்கினர். ஆங்கே வெள்ளையருக்கு ஒரு நிலை, இந்தியருக்கு ஒரு நிலை என்றிருந்தது. அதைப் பொறாது வெளியேறித்தான் திருப்பத்தூர் வந்து சேர்ந்தனர்.

ஆசிரமத்தில் ஏசுதாசனைப் 'பெரியண்ணன்' என்றும் பேட்டனைச் 'சின்னண்ணன்' என்றும் அழைத்தார்கள். இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடலாகாது. துரை என்றும் ஐயர் என்றும் மிஷனரிகளை அழைத்த காலம் அது. செல்வமும் வெள்ளைத் தோலும் உடையவர் சின்னண்ணன், தமிழர் பெரியண்ணன். இருவரும் மணம் புரியாது வாழ்ந்தனர், கதர் உடுத்தினர், தரையில் அமர்ந்து எல்லாரோடும் ஒரே பந்தியில் உண்டனர். மருத்துவமனை நடத்தினர், பள்ளியும் நடத்தினர். 1932-இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதருடன் நின்ற பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தனர். அச்செய்தி இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை சென்றது. ஆசிரமத்து ஜெபாலயம் 1930-களில் கோபுரத்தோடு நம் நாட்டுக் கோயில் அமைப்பிலேயே எழுந்தது.

அதே ஆண்டுகளில் நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்ததையும் உடன்வைத்துப் பார்த்தால்தான் ஒரே பந்தி என்பதன் பொருள் விளங்கும். 1930 டிசம்பரில் இங்குள்ள ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் நகை, வெள்ளி நகை அணியலாகாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழ் ஆடை உடுத்தலாகாது, சட்டை போடலாகாது. பெண்கள் மேலாடை அணியலாகாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடையும் செருப்பும் கூடாது என்பன போன்றவை அவை. 1931 ஜூனில் அவை பதினொன்றாயின. நம் பிள்ளைகள் எழுத்துக் கற்கக் கூடாது என்பது அப்போது சேர்ந்தது. அந்நாளைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையரான ஹட்டன் இவற்றைத் தம் நூலில் வரிசையாகக் குறித்திருக்கிறார். கல்விச் சங்கம் ஒன்றன் வெள்ளி விழா மலரைக் கையில் வைத்துப் படிக்கும் இளைஞர்கள் இந்தக் கடைசித் தடையை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறோம்.

கிறிஸ்துகுலத்தின் சிறப்பைச் சொன்னோம். அதன் குறையையும் சொல்லுதல் கடமை. அதன் நிலமும் கட்டடமும் பெரும்பாலும் பேட்டனின் சொந்தச் செல்வத்தால் ஆனவை. அவர் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாது கொடுத்தார் என்பது உண்மை. எனினும் ஒரு தனி மனிதரின் கொடையில் நிற்கும் வீட்டுக்கு அவர் காலத்துக்குப் பின் என்ன வழி? 1970 வாக்கில் அண்ணன்மார் இருவரும் மறைந்தனர். துறவு பூண்டு வாழ முன்வருவோரும் அருகினர். மனிதர் குறைந்த வீட்டில் ஓடு பெயர்வதை எவர் கவனிப்பார்?

குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையிலுள்ள சாந்திவனம் வேறொரு பாடம். கத்தோலிக்கத் துறவியரான மோன்ஷனென், லெ சோ என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள் 1950-இல் அதனை நிறுவினர். காவி உடுத்திக் குடிசையில் வாழ்ந்தனர். உடன் சேர்ந்தோர் மிகச் சிலரே. மோன்ஷனென் 1957-இல் காலமானார். லெ சோ 1968-இல் இமயப் பகுதிக்குச் சென்றுவிட்டார். அவ்வாண்டே கேரளத்துக் குரிசுமலையிலிருந்து பீட் கிரிபித்ஸ் வந்திராவிடில் அவ்விடம் வெறும் தோப்பாகியிருக்கும். அவர் 1993-இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். உலகெங்குமிருந்து மக்கள் தியானத்திற்கு வந்தனர். தங்குவோர் தம்மால் இயன்றதைக் கொடுப்பதும், தோட்டமும் மாடுகளும் கைகொடுப்பதும் அங்கு வழக்கம். வேதமும் உபநிடதமும் அங்கே ஆழமாக ஆராயப்பட்டன. அதைக் குறைகூற மாட்டோம். ஆனால் இந்தியப் பண்பாடு என்று அவர்கள் தேடிச் சென்ற இடம் பெரும்பாலும் அக்கிரகாரமாகவே இருந்தது. சேரியின் பறையும் பாட்டும் அவ்வளவாக அவர்கள் செவியில் விழவில்லை என்று தலித் இறையியலார் பின்னாளில் கேட்ட கேள்வி நியாயமானதே.

நம் பக்கத்திலும் ஓர் ஆசிரமம் இருந்ததை மறக்கக் கூடாது. திருப்பத்தூரிலிருந்து காரைக்குடி செல்லும் வழியில் சிராவயலில் ஜீவானந்தம் நடத்திய காந்தி ஆசிரமம் அது. 1927-இல் காந்தியடிகளே அங்கு வந்து அவரைக் கண்டார். திருச்சபையோடு தொடர்பில்லாத அதுவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

அப்படியானால் நிலைத்தவை எவை? நாம் அறிந்த அளவில் இவ்வினாவுக்கு நல்ல விடை தமிழகத்திற்கு வெளியே, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் கிடைக்கிறது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912 டிசம்பர் 29 அன்று தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே. அதற்கு முன், 1905-இல் தேசிய மிஷனரி சங்கம் அமைத்தவர்களுள் ஒருவராக, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற கொள்கையை அவர் வற்புறுத்தி வந்தார். அவருடைய பேராயத்தில் சேர்ந்தவரில் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர்; அதாவது நம்மைப் போன்றோர். நிலமற்ற கூலிகள். அவர்களிடம் போய்ப் பணம் கேட்பதா என்று வெள்ளைக்கார நண்பர்கள் தயங்கியிருக்கக் கூடும். அசரியா தயங்கவில்லை. கொடுக்கத் தெரிந்தவனை எவரும் பிச்சைக்காரன் என்று சொல்ல முடியாது என்பது அவர் போக்கு. கொடைபற்றி அவர் ஒரு தனி நூலே எழுதினார். அறுவடைக் காலத்தில் மக்கள் தானியமும் கோழியும் முட்டையும் கொணர்ந்து படைத்தனர். பல்லாண்டுகள் மெல்ல மெல்ல எழுந்த தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது.

நம் பக்கத்துக் கிறித்தவக் குடும்பங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. எம் அன்னையார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். வீட்டில் எண்ணிப் பார்த்து உண்ணும் நாளிலும் அப்பிடி குறைந்ததில்லை. எங்களுக்கு அதில் கோபங்கூட உண்டு. மாதக் கடைசியில் கலயம் கோயிலுக்குப் போகும். பிடியரிசி என்று அதற்குப் பெயர். அறுப்பின் பண்டிகையில் பூசணியும் சேவலும் ஏலம் போகும். அப்பணம் உபதேசியார் சம்பளமாயிற்று, மணிக்கூண்டுக்குச் சுண்ணாம்பாயிற்று, தியானத்திற்கு வந்தவர்களுக்குச் சோறாயிற்று. கணக்கேட்டில் அது 'இதர வரவு' என்று ஒற்றை வரியாக முடிந்தது. ஐந்நூறு ரூபாய் கொடுத்த கனவான் பெயரோ வாயிற்படியில் சலவைக் கல்லாயிற்று.

உழைப்பு அந்த ஒற்றை வரியிலும் ஏறவில்லை. தவக்காலத் தியானத்திற்கு முன் வெள்ளையடித்தல், கிணறு தூர்வாருதல், விறகு பிளத்தல், கூரை வேய்தல், பந்தி முடிந்தபின் அண்டா துலக்குதல் ஆகிய இவையாவும் 'ஊழியம்' எனப்பட்டன. ஊர்ப் பண்ணையில் கூலியின்றிச் செய்தால் வெட்டி வேலை. கோயிலில் செய்தால் ஊழியம். மனமுவந்து செய்தோர் பலர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிர்வாகக் குழுவில் நாற்காலி கிடைக்காதவர்க்கு மட்டும் ஊழியம் தவறாமல் கிடைத்தது. எம் இளமையில் ஒரு தியான இல்லத்தில் மூன்று நாள் தங்கியிருந்தோம். பிரசங்கம் சமத்துவத்தைப் பற்றியது. பந்தி இரண்டாக இருந்தது. அவ்விடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அதன் பின் பல ஆண்டுகள் நாம் எந்தத் தியானத்திற்கும் போகவில்லை.

அரசும் நம்மை இரண்டாகவே பிரித்தது. 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதாரைப் பொதுவாகப் பட்டியல் சாதியினராகக் கொள்ளவில்லை. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத் தலித்துகள் இன்றும் வெளியே நிற்கின்றனர். ஒரே தெருவில், ஒரே கிணற்றடியில் வளர்ந்த இரு பிள்ளைகளுள் ஒருவனைப் பட்டியல் சாதியினனாகக் கொள்வர், மற்றவனைக் கொள்ளார். இரு பிள்ளைகளுக்கும் ஒரே பெஞ்சில் இடங்கொடுத்ததே நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுச் சாதனை என்று சொல்லத் துணிவோம்.

இனி நடைமுறைக்கு வருவோம். தியான இல்லங்கள் இன்று நம்மிடம் கைநீட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டுக் கொடைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் முதலில் 1976-இல் வந்தது. 2010-இல் புதிய சட்டமாயிற்று. 2020 திருத்தத்தின்படி அத்தகைய பணம் அனைத்தும் புதுதில்லியிலுள்ள ஒரே வங்கிக் கிளையின் கணக்குக்கே முதலில் வந்தாக வேண்டும். ஒரு நிறுவனம் பெற்றதை மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுக்கவும் இயலாது. சிறிய இல்லங்களுக்குச் சீமைப் பணம் வரும் வாய்க்கால் இவ்வாறு குறுகிவிட்டது. சட்டத்தின் நியாய அநியாயம் வேறு விவாதம். ஓட்டை விழுந்த கூரைக்கு உள்ளூர்க்காரனே கதி என்ற நிலை வந்திருக்கிறது. தோர்ணக்கல்லில் அது நூறாண்டுக்கு முன்பே வந்தது.

மீண்டும் நம் பொதுக்குழு. நெடுநேரப் பேச்சுக்குப் பின் ஒரு முடிவு ஏற்பட்டது. கல்வி நிதியைத் தொடுவதில்லை. விரும்பும் உறுப்பினர்கள் தனியே தண்டல் செய்து கொடுக்கலாம். அத்துடன் இரண்டு கோரிக்கைகள் எழுதி அனுப்பினோம். நிர்வாகக் குழுவில் நம் தெருவைச் சேர்ந்தவர் இருவருக்கு, அவருள் ஒருவர் பெண்ணாக, இடமளிக்க வேண்டும். இனிமேல் வெள்ளையடிப்பு முதலிய வேலைகளுக்கு நாட்கூலி கணக்கிட்டு, வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பவர் பெயரில் அதனை நன்கொடையாக ஏட்டில் பதிய வேண்டும். கேள்வி கேட்ட இளைஞரே அக்கடிதத்தை எழுதினார். முதல் கோரிக்கைக்கு இன்னும் மறுமொழி இல்லை. இரண்டாவதை ஏற்று, பழைய ஆண்டுகளில் உழைத்தவர் பெயர்களும் தெரிந்தால் அனுப்புமாறு கேட்டிருக்கிறார்கள்.

அப்பெயர்களைத் திரட்டும் வேலை மாலைப் பள்ளி மாணவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளையடித்த பெரியவரிடமிருந்து தொடங்கினார்கள். இதுவரை ஒரு நோட்டில் நான்கு பக்கம் நிரம்பியுள்ளது. பலருக்கு முழுப்பெயர் தெரியவில்லை. இன்னார் மகன், இன்னார் மருமகள் என்றே எழுதியிருக்கிறார்கள். கிணறு தூர்வாரியவர்களையும் அண்டா துலக்கிய பெண்களையும் அறிந்த முதியோர் எவர் வீட்டிலிருந்தாலும், மாலை ஆறு மணிக்கு மேல் பள்ளிக்குச் சொல்லியனுப்பினால் பிள்ளைகளே வந்து எழுதிக்கொள்வார்கள்.