பன்பாய், டைல்ஸ், காப்பட்: நமது பள்ளித் தரையும் குத்பாவின் ஓசையும்



2020இல் கொரோனா முடக்கம் தளர்ந்து பள்ளிகள் திறந்தபோது காப்பட்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்து முஸல்லா கொண்டுபோய் இடைவெளி விட்டு நின்றோம். அன்று ஹஸ்ரத்தின் குரல் முழங்கிய முழக்கம் நினைவிருக்கிறதா? பின் ஸஃப்பிலிருந்த பெரியவர்களுக்குச் சத்தம் கேட்டது, சொல் விளங்கவில்லை.

இதே தொல்லை 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் வந்தது. புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேசிய ஒரு சொல் 5.5 வினாடிவரை சுற்றிக்கொண்டே இருந்தது. வாலஸ் சபீன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிரவாகச் சுமந்து வந்து பரப்பி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. மனித உடலும் ஓசையை விழுங்கும் என்பதையும் கண்டார். 2020இல் நாம் இழந்தது இரண்டையும்தான்: காப்பட்டையும், நெருங்கி நின்ற ஆட்களையும்.

"டைல்ஸ் போட்டதால் வந்த வினை" என்று நம்மவர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. மூத்தவாப்பாமார் காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரையும் டைல்ஸைப் போலத்தான். படும் ஓசையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் விழுங்கும். மேலே விரித்த பன்பாயும் மெல்லியது. (ஆனந்த குமாரசுவாமி 1908இல் எழுதிய தும்பரப் பாய் வேறு, பள்ளிக்கு வந்தது சாதாரணப் பாய்.)

அப்படியானால் அன்று எப்படி விளங்கியது? யன்னல்கள் திறந்திருந்தன. வெளியே போன ஓசை திரும்பி வராது. சபீன் தன் அளவுகோலாக வைத்ததே திறந்த யன்னலைத்தான். 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட மகுல் மடுவவைப் போய்ப் பாருங்கள். தூண்கள்தான், சுவரே இல்லை. இன்று ஏசிக்காகக் கண்ணாடியை இழுத்து மூடிவிடுகிறோம்.

காப்பட்டும் எல்லாவற்றையும் தீர்க்காது. சீமெந்தின் மேல் விரித்த கனமான காப்பட், 2000 ஹேர்ட்ஸ் கூரிய ஓசையில் சுமார் 60 வீதத்தை விழுங்கும். 500இல் சுமார் 14 வீதம். 125 ஹேர்ட்ஸ் தடித்த ஓசையிலோ 2 வீதம்தான். அதனால் ஸீன், ஷீன் போன்றவற்றின் எதிரொலி அடங்கினாலும் அடிக்குரலின் முழக்கம் மண்டபத்தில் மிஞ்சும். ஸ்பீக்கரைக் கூட்டினால் அதுவும் சேர்ந்து கூடும்.

நமது மஹல்லாவில் இப்போது புது ஸ்பீக்கர் வாங்கும் பேச்சு நடக்கிறது. அதற்கு முன் ஒரு ஜும்ஆவுக்கு யன்னல்களைத் திறந்து பார்க்கும்படி நிர்வாகத்திடம் கேட்கப் போகிறோம். உங்கள் பள்ளியில் பன்பாய் எந்த வருஷம்வரை இருந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள்.