வெண்பொடி நோயும் கந்தகமும்

டிக்கோயாத் தோட்டங்களில் பங்களா முற்றங்களிலும் லயத்து வாசல்களிலும் ரோசாச் செடிகள் வளர்வதுண்டு. பகல் வரண்டும் இரவு குளிர்ந்தும் இருக்கும் நாள்களில், அச்செடிகளின் தளிர்களிலும் மொட்டுக் காம்புகளிலும் மாவு தூவினாற்போல வெண்பொடி படியும். தளிர் சுருளும், மொட்டு மலராமலே வாடும். சாம்பல் நோய் எனப்படும் இஃது ஒருவகைப் பூஞ்சணத்தின் வேலையாகும். இதற்கு மருந்து கண்ட வரலாறு மலைநாட்டின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது.

1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மார்கேற் நகரில், எட்வேட் டக்கர் என்னும் தோட்டக்காரர் கண்ணாடி வீட்டுத் திராட்சைக் கொடியில் வெண்பொடி படர்ந்திருப்பதைக் கண்டார். பீச்சு மரத்தில் தோன்றும் நோயை அது ஒத்திருந்தமையால், கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த நீரைத் தெளித்துப் பயன் கண்டார். பூஞ்சண ஆராய்ச்சியில் வல்லவரான பேர்க்லி பாதிரியார் 1847இல் அப்பூஞ்சணத்துக்கு டக்கரின் பெயரையே சூட்டினார். சில ஆண்டுகளில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை அந்நோய் சூறையாடியபோது, கந்தகத் தூளே அவற்றை மீட்டது. இவ்வகைப் பூஞ்சணம் இலையின் புறத்தே படர்ந்து, உறிஞ்சும் உறுப்புகளை மாத்திரமே மேற்றோலின் உள்ளே செலுத்தி வாழ்வது. ஆதலின் மேலே தூவிய கந்தகம் அதனை நேரே தாக்கிற்று.

1869இல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி தோன்றியது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்து, அது புதிய பூஞ்சணம் என்று அறிவித்தவரும் அதே பேர்க்லி பாதிரியாரே. திராட்சையைக் காத்த கந்தகம் கோப்பியையும் காக்கும் என்ற நம்பிக்கையில், பேராதனையில் பணியாற்றிய டானியல் மொரிஸ் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தூவிச் சோதித்தார். ஆயினும் கோப்பி பிழைக்கவில்லை.

1880இல் இலங்கைக்கு வந்து இரண்டாண்டு ஆராய்ந்த மார்ஷல் வார்ட் அதன் காரணத்தை விளக்கினார். கோப்பித் துருநோயின் வித்துக்கள் ஈரத்தில் முளைத்து, இலையின் சுவாசத் துளைகள் வழியே உட்புகுகின்றன. பொடி வெளியே தெரியுமுன்னரே நோய் இலைக்குள் குடிகொண்டுவிடுகிறது. உட்புகுந்த நோயை மேலே தூவும் மருந்து எட்டாது. அறிவு கிட்டியது, ஆனால் காலம் கடந்துவிட்டது. டிக்கோயா உள்ளிட்ட மலைகளில் கோப்பி அழிந்தது. துரைமார் கடனாளிகளாயினர், தமிழகத்திலிருந்து வந்து உழைத்த தொழிலாளரோ கூலியும் கிட்டாது அல்லலுற்றனர். கோப்பி நின்ற சரிவுகளில் பின்னர்த் தேயிலை வந்தது.

அத்தேயிலைக்கும் 1946இல் சோதனை நேர்ந்தது. அசாமில் முன்னரே அறியப்பட்ட கொப்புள நோய் அவ்வாண்டில் இலங்கையை அடைந்தது. இளங்கொழுந்தின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் கொப்புளமாய்ப் புடைத்து வெண்மையுறும். பார்வைக்கு ரோசாவின் வெண்பொடி போலவே தோன்றினும், இது மூடுபனியிலும் ஈரத்திலும் செழித்து இலைக்குள் வளர்வது. இதற்குக் கைகொடுத்தது கந்தகமன்று, செம்புச் சேர்க்கைகளே. வித்து முளைத்து உட்புகுமுன் கொழுந்தைக் காப்பதற்காக, மழைக்காலத்தில் அவற்றைத் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டியிருந்தது.

ஆகவே, பூஞ்செடியில் வெண்மை கண்டவுடன் மருந்தைத் தேடி ஓடுதல் முறையன்று. முதலில் விரலால் துடைத்துப் பார்த்தல் வேண்டும். பஞ்சுத் திரள்போல் ஒட்டி, அதனுள் பூச்சி தென்பட்டால் அது மாவுப்பூச்சி; அதற்குக் கந்தகம் மருந்தாகாது. தளிரின் இருபுறமும் மெல்லிய மாவாய்ப் படர்ந்து, துடைத்தால் நீங்கினால் சாம்பல் நோய் எனக் கொள்ளலாம். நோயுற்ற தளிர்களை வெட்டி அகற்றி, செடிகளுக்கிடையே காற்றும் வெயிலும் புக வழி செய்து, தழைச்சத்து உரத்தைக் குறைத்து, நீரில் கரையும் கந்தகத்தைக் காலையிலோ மாலையிலோ தெளித்தால் நோய் அடங்கும். கடும் வெயிலில் தெளித்தால் கந்தகமே இலையைக் கருக்கிவிடும்.

நோய் வாழும் இடத்தை அறிந்த பின்னரே மருந்தைத் தெரிதல் வேண்டும் என்பதே கோப்பியை இழந்து மலைநாடு கற்ற பாடமாகும்.