கடற்பாசியும் ஊக்கியும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் தனிமனித மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தேவை ஒரு கண்டுபிடிப்பை வேண்டிநின்றது, அதன் பயனை எவ்வர்க்கம் பெற்றது என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. திண்ம ஊக்கிகளைக் கொண்டு கடற்பாசியிலிருந்து வெல்லம் பெறும் இன்றைய ஆய்வுகளை இவ்வினாக்களுடனேயே நாம் அணுகுதல் பொருத்தமாகும்.

18ஆம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்தின் ஓர்க்னி, ஹெப்ரிடீஸ் தீவுகளில் கடற்பாசி சாம்பலுக்காக எரிக்கப்பட்டது. கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டிய சோடா அச்சாம்பலில் இருந்தது. ஒரு தொன் சாம்பலுக்கு ஏறத்தாழ 20 தொன் ஈரப்பாசி தேவைப்பட்டது. நெப்போலியப் போர்கள் ஸ்பானியச் சோடாவின் வரவைத் தடுத்தபோது சாம்பலின் விலை தொன்னுக்கு 20 பவுண் வரை உயர்ந்தது. குளிர்நீரில் நின்று பாசி வெட்டிய குடியானவர் பெற்றது அதில் ஒரு சிறு பங்கே. அவர்கள் புலம்பெயர்ந்தால் உழைப்பு அருகும் என்றஞ்சிய நிலவுடைமையாளர், கப்பற் பயணச் செலவை உயர்த்திய 1803ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தனர். போர் முடிந்து இறக்குமதி மீண்டது, லெப்ளாங் முறையால் உப்பிலிருந்தே சோடா மலிவாகக் கிடைத்தது, பாசித்தொழில் சரிந்தது. முன்னர் தடுத்துவைக்கப்பட்ட மக்களே பின்னர் மிகையானோராகக் கருதப்பட்டு நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர்.

ஊக்கியின் வரலாறும் அப்போர்க்காலத்தையே சார்ந்தது. 1806இல் நெப்போலியன் விதித்த கண்டத் தடையால் ஐரோப்பாவிற் கரும்புச்சீனி அருகியது. 1811இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் கிர்கொஃப் என்பார் மாப்பொருளை ஐதான சல்பூரிக்கமிலத்துடன் கொதிக்கவைத்து வெல்லம் பெற்றார். அமிலம் செலவாகாதிருந்தது. 1819இல் பிராக்கொனோ துணியிலிருந்தும் வெல்லம் பெற்றார். இத்தகைய தாக்கங்களை 1835இல் பெர்சீலியஸ் ஊக்கல் என ஒரே பெயரால் வகுத்தார்.

ஆயினும் திரவ அமிலம் கலனை அரிப்பது. இறுதியில் அதனை நடுநிலையாக்கினால் உப்புக் கழிவு எஞ்சும். சல்போனிக் கூட்டங்களைத் தாங்கிய பிசின், கரி முதலிய திண்ம ஊக்கிகளையோ வடித்தெடுத்து மீளப் பயன்படுத்தலாம். இரும்பு ஒட்சைட்டுச் சேர்ந்தவற்றைக் காந்தத்தாற் பிரித்தெடுக்கலாம். மரத்தை இறுக்கும் லிக்னின் கடற்பாசியில் மிக அரிது. செம்பாசியின் ஏகார், மரத்தின் செலுலோசிலும் எளிதாகப் பிரிந்து கலக்ரோசைத் தரும். ஆனால் பாசியிலுள்ள சோடிய, பொற்றாசிய அயன்கள் ஊக்கியின் ஐதரசன் அயன்களை வெளியேற்றி அவற்றின் இடத்தைக் கொள்கின்றன, ஊக்கி வலுவிழக்கிறது. எனவே பாசியை முன்னரே கழுவவும், ஊக்கியை அமிலத்தால் மீளுயிர்ப்பிக்கவும் வேண்டியுள்ளது. அன்று எவற்றுக்காகப் பாசி எரிக்கப்பட்டதோ அவையே இன்று தடையாகின்றன. பொருளின் பயன்மதிப்பு அதன் இயல்பால் மட்டுமன்றி, உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சிக் கட்டத்தாலும் நிர்ணயிக்கப்படுகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பாக்குநீரிணையின் இரு மருங்கிலும் பாசி சேகரித்தும் வளர்த்தும் வாழும் பெண்கள் உளர். ஊக்கியை எத்தனைமுறை மீளப் பயன்படுத்தலாம் என ஆய்வுகூடம் கணிக்கிறது. கரை எவருடையது, விலையை நிர்ணயிப்பவர் எவர் என்பனவும் அக்கணிப்போடு சேர்த்தே கேட்கப்படவேண்டியவை என்பதே ஹெப்ரிடீஸ் வரலாறு நமக்குணர்த்தும் பாடமாகும்.