பிழையும் ஆசிரியரும்

மாணவன் எழுதிய கட்டுரையைக் கையில் எடுத்ததும் நாம் தேடுவது எதனை? அவன் சொல்ல வந்த கருத்தையா, செய்த பிழையையா? கல்லூரிகளில் எழுத்துப் பயிற்சி வளர்ந்த வரலாறே இவ்வினாவுக்குள் அடங்கியிருக்கிறது எனலாம்.

அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரி 1874ஆம் ஆண்டில் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. எழுதவந்தோர் கிரேக்கமும் இலத்தீனும் பயின்ற இளைஞர். ஆயினும் தாய்மொழியில் ஒரு பக்கம் பிழையற எழுத அவர்களிற் பலரால் இயலவில்லை. பத்திரிகைத் துறையிலிருந்து பேராசிரியராக வந்த ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் என்பார், முதலாண்டிலேயே இப்பயிற்சி வேண்டுமென்று வாதாடினார். 1885இல் 'இங்கிலீஷ் ஏ' என்னும் பாடம் முதலாண்டு மாணவர்க்கு உரியதாயிற்று. பெரும்பாலான பாடங்களை மாணவர் தம் விருப்பம்போல் தேர்ந்துகொள்ளலாம் என்றிருந்த அக்கல்லூரியில், யாவரும் பயின்றே தீரவேண்டிய மிகச் சில பாடங்களுள் இதுவும் ஒன்றாக நிலைத்தது. பிற கல்லூரிகளும் அவ்வழியே சென்றன.

நோக்கம் உயர்ந்ததே. ஆனால் கட்டுரைகள் மலைபோற் குவிந்தன, திருத்துவோரோ சிலர். ஆகவே, எளிதில் எண்ணத்தக்க எழுத்துப்பிழையும் நிறுத்தற்குறிப் பிழையும் மதிப்பீட்டில் மேலோங்கின. 1892இல் ஆராய்ந்த குழுவொன்று, குற்றத்தைப் பள்ளிகளின் தலையிற் சுமத்தியது. பிழை எங்ஙனம் பிறக்கிறது என்ற கேள்வி பின்தங்கிப் போயிற்று.

அக்கேள்வியை அழுத்தமாக எழுப்பியவர் மினா ஷானசி அம்மையார். 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், அந்நகரில் உயர்நிலைப்பள்ளி முடித்த அனைவர்க்கும் கதவைத் திறந்தது. ஏழைகளும் சிறுபான்மை இனத்தாரும் திரளாக வந்தனர். 'கல்லூரிக்குத் தகுதியற்றவர்' என்று சிலர் அவர்களை ஒதுக்க முற்பட்டனர். அம்மையாரோ ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைப் பொறுமையுடன் படித்து, 1977இல் 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலொன்று வெளியிட்டார். பிழைகள் தாறுமாறானவை அல்ல. அவற்றுக்கும் ஓர் ஒழுங்குண்டு. இம்மாணவர் அறிவிலிகள் அல்லர், எழுத்துலகிற்குப் புதியவர் என்று அவர் நிறுவினார்.

அச்செய்தியை அறிந்தபோது, தலைமையாசிரியனாகிய எனக்கு என் பழைய வகுப்பறை நினைவுக்கு வந்தது. 'மழை'யை 'மளை' என்றெழுதிய சிறுவர் பலரின் ஏடுகளைச் சிவப்பு மையால் நிரப்பியிருக்கிறேன். தன் வீட்டில் ஒலித்ததைத்தான் அச்சிறுவன் உண்மையாக எழுதினான். நாவைப் பழக்கியிருந்தால் கையும் திருந்தியிருக்கும். நான் பிழையைக் கண்டேன். அதன் ஊற்றைக் காணவில்லை.

திருத்தம் வேண்டாம் என்பதன்று என் கருத்து. திருத்துமுன் படிக்கவேண்டும் என்பதே. மாணவன் எழுதக் கற்பதற்கு முன், அவன் எழுத்தைப் படிக்க ஆசிரியன் கற்கவேண்டும்.